நான் காய்ச்சிய வில்வப் பாகு

சாப்பிட்டுக்கொண்டே படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் கை கழுவிய பிறகு இதை எடுத்துக்கொள்ளலாம். வயிற்றுக்கடுப்பைப் பற்றி எழுதப் போகிறேன். நாசூக்காக எழுதலாம் என்று பல நாள் முயன்று பார்த்தேன். 'உபாதை' என்று போட்டேன், 'உதர நோய்' என்று போட்டேன். எதைப் போட்டாலும் எனக்கு வாளி ஞாபகம்தான் வருகிறது. நாற்றத்துக்கு வடமொழியில் பெயர் வைத்தால் நாற்றம் குறைவதில்லை. ஒரு பண்டாரத்தின் உயிரும் என் மானமும் ஒரே வாளியில் கிடந்த விவகாரம் இது. அந்த இரண்டில் ஒன்றைத்தான் வெளியே எடுக்க முடிந்தது.

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில், பெடாஸிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரஸ்ஸராக இருந்தேன். டிரஸ்ஸர் என்றால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன், மிக்ஸ்சர் கலக்கி ஊற்றுகிறவன். டாக்டர் முன்பெல்லாம் வாரம் ஒருமுறை செரம்பானிலிருந்து வந்து, நாக்கை நீட்டச் சொல்லிவிட்டுப் போவார். சண்டை வந்ததும் வெள்ளைக்காரத் துரை காரில் போனார். மறுநாள் பெரிய டிரஸ்ஸர் சைக்கிளில் போனார். ஆஸ்பத்திரிச் சாவி என் கையில் நின்றுவிட்டது. திறமையால் பதவி உயர்ந்தவர்கள் உலகத்தில் உண்டு. நான் சைக்கிள் இல்லாததால் உயர்ந்தவன்.

மருந்து அலமாரியில் மிச்சம் இருந்தவை: அரை டின் கார்பாலிக், ஒரு போத்தல் ஊதா நிற வயலட் மருந்து, காது கழுவும் பீச்சாங்குழல், காலாவதியான இருமல் தண்ணீர். மலேரியாவுக்கான கொயினாவை ஜப்பான்காரன் முதல் வாரமே எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஜனங்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டால், மரவள்ளிக்கிழங்கு. காலையில் அவித்தது, மத்தியானம் அவித்ததை இடித்தது, ராத்திரி இடித்ததைச் சுட்டது. எப்போதாவது பங்கீட்டுப் படியரிசி வரும். அது புழுக்காமல் இருக்கச் சுண்ணாம்பு கலந்திருப்பார்கள். கழுவினால் வெள்ளையடித்த சுவரைக் கழுவின தண்ணீர் போல ஓடும். குடிக்கிற தண்ணீர், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே ஓடும் கால்வாய். லயத்துக்கு மேலே என்ன ஓடியது என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

ஆகையால் வயிற்றுக்கடுப்பு. பன்னிரண்டு பலகைக் கட்டில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தகர வாளி. சிலர் வாளிவரை போய்ச் சேர்வார்கள், சிலர் சேரமாட்டார்கள். ஈ வாசற்கதவைப் பொருட்படுத்துவதில்லை. வார்டுக்குள் நுழைந்தால் முதலில் ஒரு சத்தம் கேட்கும். அது நோயாளிகளின் முனகல் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால், ஈக்களின் சத்தம். முனகல் அதற்கு அடியில் இருக்கும். நான் ஒரு கைக்குட்டையைக் கார்பாலிக்கில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவேன். கட்டில்களின் வரிசையை அரை நிமிஷத்தில் நடந்து முடிக்கப் பழகியிருந்தேன். டாக்டர் நாக்கையாவது பார்த்தார்.

வாளிகளைத் தூக்கிக் கொட்டுவதற்கு ஒருத்தி இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த உடம்பு, கூர்மையான வாய். புருஷனைச் சயாம் ரயில் போடக் கொண்டுபோய்விட்டார்கள். தோட்டத்தில் அவள் சாதியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. வாளிக்காரி என்று வைத்துக்கொள்வோம். அவள் மூக்கில் துணி கட்டி நான் பார்த்ததில்லை.

ஒருநாள் ஜப்பான் அதிகாரி ஒருவன் வந்தான். வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு மூன்று அடி பின்வாங்கினான். அவனுக்கும் எனக்கும் பொதுவாக இருந்த ஒரே குணம் அது. தனக்குத் தெரிந்த மலாயில், "ஊபாட் பிக்கின் செண்டிரி" என்றான். மருந்தை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். பக்கத்தில் நின்ற பெரிய கிராணி, தோட்டத்து ஆபீசின் தலைமைக் கணக்கர், யாழ்ப்பாணத்துக்காரர், அதை எனக்குத் தமிழில் மறுபடி சொன்னார், எனக்கு மலாய் தெரியாது என்பதுபோல.

"செய்யச் சொல்லுறான். உமக்கு வாசிக்கிற பழக்கம் இருக்குத்தானே. ஏதாவது வாசிச்சுச் செய்யும்."

வாசிக்கிற பழக்கம் இருந்தது உண்மை. அது ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு நானே சாட்சி. என் பெட்டியில் அப்பா விட்டுப்போன பழைய வைத்தியப் புத்தகம் ஒன்று இருந்தது, அட்டை போய், பூச்சி அரித்து. அதில் வில்வத்தைப் பற்றி இரண்டு பக்கம். வயிற்றுப்போக்குக்கும் கடுப்புக்கும் வில்வத்துக்கு மிஞ்சியது இல்லை என்று இருந்தது. பிஞ்சையோ முற்றாத காயையோ எடுத்து, சுட்டோ, வற்றல் போட்டுக் கஷாயம் வைத்தோ கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. அதையும் வாசித்தேன். வாசிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.

தோட்டத்தில் ஒரு வில்வமரம் இருந்தது. கோயிலுக்குப் பின்னால், அடியில் ஒரு சின்ன லிங்கத்தோடு. முதல் கங்காணி கப்பலில் கன்றாகக் கொண்டுவந்தது என்பார்கள். அந்த மரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. இலையைப் பண்டாரம் மட்டும், குளித்துவிட்டுப் பறிக்கலாம். திங்கட்கிழமையும் அமாவாசையும் அவரும் தொடமாட்டார். காயை யாரும் எந்த நாளும் பறிக்கக் கூடாது. தானாக விழுந்த பழத்தை மட்டும் எடுக்கலாம்.

பண்டாரம் அந்தக் கோயிலுக்குப் பூசை செய்கிறவர். ஐம்பது வயது, ஒற்றை நாடி, தலையில் சின்னக் குடுமி. பூசை நேரம் போக மற்ற நேரம் மரத்தடியில் உட்கார்ந்து மரத்தைக் காவல் காப்பார். நான் போய்க் கேட்டேன்.

"சாமி, மருந்துக்குக் காய் வேணும். பச்சைக் காய்."

"மரம் யாருது தம்பி?"

"தோட்டத்து மரம்."

"தோட்டம் யாருது?"

அந்த வருஷத்தில் அது கஷ்டமான கேள்வி. வெள்ளைக்காரனுதா, ஜப்பான்காரனுதா என்று செரம்பானிலேயே யாருக்கும் நிச்சயமில்லை. நான் தலையைச் சொறிந்தேன்.

"பாத்தியா, உனக்கே தெரியல. மரம் சிவனுது. அது எனக்குத் தெரியும். அவனா உதுத்தா எடுத்துக்க. கை வச்சுப் பறிச்சா திருட்டு."

"ஆளுங்க சாகுறாங்க சாமி."

"அதான் சொல்றேன். விழுந்தது அஞ்சாறு கெடக்கு. கொண்டு போ. நல்லாப் பழுத்தது. பிரசாதம்னு நெனச்சுக் குடு."

நான் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்க வேண்டும். ஆனால் வெயில் அதிகமாக இருந்தது, பழங்கள் காலடியிலேயே கிடந்தன. காய்க்கும் பழத்துக்கும் நடுவில் சில நாள் வெயில்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புத்தகம் எழுதியவர்கள் எப்போதுமே கொஞ்சம் கறாராகத்தான் எழுதுவார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். சோம்பேறித்தனத்துக்குப் பகுத்தறிவு என்று பெயர் வைப்பதில் எனக்கு அப்போதே நல்ல தேர்ச்சி.

வில்வப்பழத்தின் ஓடு மண்டையோடு மாதிரி. பாராங் கத்தியின் பின்பக்கத்தால் நாலு போடு போட்டால்தான் பிளக்கும். பிளந்ததும் ஒரு வாசனை வரும். பக்தர்கள் அதைத் தெய்விகம் என்பார்கள். எனக்கு, ஊதுவத்தி வியாபாரி ஒருவன் பத்து நாள் குளிக்காமல் கட்டிப்பிடித்ததுபோல இருந்தது. உள்ளே மஞ்சள் சதை. விதைகளைச் சுற்றிச் சளிபிடித்த குழந்தையின் மூக்கில் தொங்குவது போல ஒரு பசை. அதைக் கையால் பிசைந்து, பழைய கொசுவலைத் துணியில் வடிகட்டினேன். துணியை மூன்று தரம் அலசினேன் என்று அப்போது எல்லாரிடமும் சொன்னேன். இரண்டு தரம்தான். பிசைந்த கை இரண்டு நாள் பிசுபிசுத்தது. எறும்புகள் என்னைப் பின்தொடர்ந்தன.

பக்கத்து மலாய்க் கிராமமான கம்போங்கிலிருந்து கொஞ்சம் பனைவெல்லம் கிடைத்தது. அதைப் போட்டுக் காய்ச்சினேன். துரை பங்களாவில் காலி விஸ்கி போத்தல்கள் ஏராளம். கழுவி நிரப்பி, வயலட் மருந்தை மையாக்கி, 'வில்வப் பாகு, வயிற்றுக்கு' என்று எழுதி ஒட்டினேன். கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், 'டிரஸ்ஸர் தயாரிப்பு'. அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை எழுதும்போது கொஞ்சம் தள்ளி நின்று அழகு பார்த்தேன். இப்போது நினைத்தால் வாந்தி வருகிறது.

முதல் போத்தலைக் கேட்டு வாங்கினவர் பெரிய கிராணி. வார்டில் இருப்பவர்களுக்கு வயிறு நிற்கவில்லை என்றால், அவருக்கு வயிறு அசையவே இல்லை. மரவள்ளிக்கிழங்கு செய்கிற வேலை, ஆளுக்கு ஆள் வேறு. மறுநாள் காலையில் அவர் ஆபீஸ் வாசலில் நின்று கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார். முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"ஐசே, அஞ்சு நாளாப் பூட்டிக் கிடந்த கதவு. உம்மட பாகு திறந்து விட்டுட்டுது. இன்னொரு போத்தல் தாரும்."

மூளை உள்ள எவனும் அந்த இடத்திலேயே நின்று யோசித்திருப்பான். பூட்டிய கதவைத் திறக்கிற சாமானை, கதவே மூடாமல் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கலாமா என்று. எனக்கு அன்றைக்கு மூளை இருந்த இடத்தில் பெருமை உட்கார்ந்திருந்தது. 'வயிற்றுக்கு நல்ல மருந்து' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அன்று மத்தியானமே வார்டில் எல்லாருக்கும் ஒரு வேளைக்கு மூன்று கரண்டி என்று ஊற்ற ஆரம்பித்தேன்.

எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. இனிப்பைக் கண்ணால் பார்த்து மாதங்கள் ஆகியிருந்த ஜனங்கள். இரண்டாம் கட்டிலில் இருந்தவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், இருபது இருபத்திரண்டு வயது. அவள் புருஷனும் சயாமில். கரண்டியை நக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாயசம் மாதிரி இருக்குங்க ஐயா. இன்னும் ஒரு கரண்டி குடுங்களேன்."

கொடுத்தேன். அடுத்த வேளையும் கேட்டாள், கொடுத்தேன். நோயாளி மருந்தை விரும்பிக் கேட்பது எந்த வைத்தியனுக்கும் கிடைக்காத கௌரவம் என்று அன்று நாட்குறிப்பில் எழுதிக்கூட வைத்தேன். அவள் மூன்றாம் நாள் செத்துப்போனாள். கடைசி நாள் அவளிடமிருந்து வந்தது தண்ணீரும் ரத்தமும்தான். ஐந்தாம் கட்டிலில் இருந்த புல்வெட்டுக் கிழவர் மறுநாள் போனார். அவர்கள் எப்படியும் போயிருப்பார்கள் என்று பெரிய கிராணி சொன்னார். நானும் அதையே சொல்லிக்கொண்டு இரண்டு நாள் சாப்பிட்டேன், தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் வாளிக்காரி என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள். அங்கே ஒரு குழி வெட்டி, வாளிகளைக் கொட்டி, சாம்பல் போட்டு மூடுவாள். நான் கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றேன்.

"மூக்கப் பொத்திக்கிட்டு அங்க நின்னா ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. கிட்ட வாங்க."

"இங்கேருந்தே கேக்குது. சொல்லு."

"ஆறாவது கட்டில்ல ஒருத்தன் இருக்கான்ல, மாட்டுக்கொட்டாய்க்காரன். அவனுக்கு இனிப்பு ஆகாது. நீங்க ஊத்துறத வாயில வச்சுக்கிட்டு, நீங்க திரும்புனதும் சன்னலுக்கு வெளிய துப்பிடுறான். அவன் வாளிய நான் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தூக்குறேன். மத்தவங்களுது எட்டு தடவ."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க படிச்சவங்க. எட்டு பெருசா ரெண்டு பெருசான்னு உங்களுக்குத் தெரியும்."

பெரிய மருத்துவக் கல்லூரிகளில் இந்த மாதிரி சோதனைக்கு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பிற்காலத்தில் படித்தேன். அன்று நான் சொன்ன பதில் இது:

"உன் வேலையப் பாரு. மருந்தப் பத்தி நீ பேசாத."

"சரிங்க. என் வேலையத்தான் சொன்னேன்," என்றாள். அடுத்த வாளியைக் கவிழ்த்தாள்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தை எடுத்தேன். என் பென்சில் கோடு அப்படியே இருந்தது. அடுத்த பக்கத்தின் மேலே, பூச்சி அரித்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே, பழுத்த வில்வம் மலத்தை இளக்கும் என்று தெளிவாக இருந்தது. இளக்க வேண்டிய ஒரே வயிறு இந்தத் தோட்டத்தில் பெரிய கிராணியுடையது. அவருக்கு ஏற்ற மருந்தைக் காய்ச்சி, மற்ற அத்தனை பேருக்கும் ஊற்றியிருக்கிறேன். அதுவும் கூடுதல் கரண்டி வைத்து.

மிச்சம் இருந்த பாகையெல்லாம் சாக்கடையில் கொட்டினேன். லயத்துப் பெண்கள் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டுத் திட்டினார்கள். "திங்கிற பொருளக் கொட்டுறாரு பாருலா, கிறுக்குப் புடிச்சுப் போச்சு." காலிப் போத்தல்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். காய்ச்சிய அன்றே கோயிலுக்கென்று பண்டாரத்திடம் ஒரு போத்தல் கொடுத்திருந்தேன், அது அப்போது என் நினைவுக்கு வரவே இல்லை.

அன்று சாயங்காலம் பண்டாரத்தைக் கோணிச்சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாளாகவே வயிறு சரியில்லையாம். சிவன் மரத்துப் பழம் என்பதால் பக்தியோடு என் பாகை முக்கால் போத்தல் குடித்திருக்கிறார். கன்னம் உள்ளே போய், கண் மேலே போய், தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. அந்தத் தோலை ஏற்கெனவே இரண்டு பேரிடம் பார்த்திருந்தேன். இன்னும் இரண்டு நாள், கூடினால் மூன்று.

நாலாம் கட்டிலில் போட்டோம். அவர் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது வாளிக்காரியை.

"இவ என் பக்கத்துல வரக்கூடாது தம்பி."

"வரலீங்க சாமி," என்று அவள் தூரத்திலேயே நின்றாள். "சாமி வாளிய யாரு எடுப்பாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. டிரஸ்ஸரையா எடுப்பாரா?"

பண்டாரம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குள் வயிற்றுக்கடுப்பு அந்தச் சட்டத்தை மாற்றி எழுதிவிட்டது. அவள்தான் வாளியை எடுத்தாள், துடைத்தாள், வேட்டியை மாற்றினாள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவளுக்கு அது புதிதில்லை. ஆஸ்பத்திரியில் அவள் தொடும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கைக்குட்டை இல்லாமல் அந்த வார்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, கார்பாலிக் தீர்ந்துபோயிருந்தது.

"சாமி, நான் குடுத்த பாகு தப்பு. பழம் வயித்தை இன்னும் இளக்கும். காய்தான் கட்டும். புத்தகத்துலயே இருக்கு. ஒரு காய் பறிக்க விடுங்க."

"அவன் காய்."

"நீங்க செத்துப் போயிடுவீங்க."

"செத்தா அவன்கிட்டதான் போகணும். அவன்கிட்டத் திருடித் தின்னுட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

வாதத்தில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. நான் எழுந்திருக்கப் போனேன். அவர் கையைப் பிடித்தார். விரல்கள் குச்சி போலக் காய்ந்திருந்தன. சாகப் பயப்படாதவர் கை அப்படிப் பிடிக்காது.

"கேட்டுப் பாரு தம்பி. பூக்கட்டிப் பாரு. வெள்ள வந்தா அவன் குடுத்தான்னு அர்த்தம், பறி. செவப்பு வந்தா விட்டுடு. நான் போயிடுறேன்."

பூக்கட்டிப் பார்ப்பது என்றால், ஒரே மாதிரி இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பது. கல்யாணத்துக்கும் வழக்குக்கும் தோட்டத்தில் இதுதான் தீர்ப்பு. ஒரு மனிதன் சாவதா பிழைப்பதா என்பதற்கும் இதுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

நான் மரத்தடிக்குப் போனேன். லிங்கத்தின் முன்னால் வாழையிலையை இரண்டாகக் கிழித்தேன். நந்தியாவட்டைச் செடி பக்கத்திலேயே இருந்தது. செம்பருத்தியும் இருந்தது, நிறையப் பூத்து, கைக்கு எட்டும் தூரத்தில். இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். லிங்கம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அதன் காலடியில் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு, தட்டில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பண்டாரம் நெற்றியில் திருநீறு பூசச் சொன்னார். பூசினேன். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். பிரித்தேன். வெள்ளை.

அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இன்னொண்ணையும் பிரி."

 இரண்டாவது பொட்டலத்தை எடுத்தேன், கட்டு இறுகிவிட்டது என்று பாசாங்கு செய்தேன். உலகத்தில் உள்ள அத்தனை புத்தகத்திலும் அந்த நிமிஷத்துக்கு ஒரு வழி கிடையாது.

"நகருங்க ஐயா, வாளி நெறஞ்சு போச்சு," என்று குரல் கேட்டது. வாளிக்காரி எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் குனிந்தாள். அவள் முழங்கை என் கையில் பட்டது. பொட்டலம் நேராக வாளிக்குள் விழுந்தது. அது நிறைந்துதான் இருந்தது. ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

"ஐயோ சாமி, கை பட்டுடுச்சு," என்றாள். குரலில் ஐயோவும் இல்லை, பயமும் இல்லை. "எடுத்துக் கழுவிக் குடுக்கவா?"

பண்டாரம் அவள் முகத்தைப் பார்த்தார். அவர் அவளைக் கண்ணைத் திறந்துகொண்டு நேராகப் பார்த்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்தார். நான் திரும்பவும் சுவரைப் பார்த்தேன், அது எனக்கு நன்றாகப் பழகிய சுவர்.

"வேணாம்," என்றார். "அவன் குடுத்துட்டான். நாளைக்குத் திங்கக்கெழம, கை வைக்கக் கூடாது. இப்பவே போ."

உச்சி வெயிலில் துறட்டியோடு போனேன். வில்வமரத்தில் காயைவிட முள் அதிகம். கிளையை வளைத்ததில் கை முழங்கைவரை கிழிந்தது. முதல் காய் விழுந்து என் தோளில் இடித்தது. கல்லால் அடித்ததுபோல இருந்தது. அது சிவனுடைய பதில் என்றால், இன்னும் கடுமையாகவே சொல்லியிருக்கலாம். ஐந்து காய் பறித்தேன். ஒருத்தருக்கு ஒன்று போதும். மீதியை ஏன் பறித்தேன் என்று வழியில் யாரும் கேட்கவில்லை. வார்டில் அவரைத் தவிர எட்டுப் பேர் இருந்தார்கள்.

வற்றல் போட நேரமில்லை. ஆஸ்பத்திரி அடுப்புக் கங்கில் புதைத்துச் சுட்டேன். ஓடு வெடித்ததும் எடுத்து, பிசின் போல இருந்த சதையைச் சுரண்டி, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்தேன். தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னவள் வாளிக்காரி. புத்தகத்தில் அது இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன். வாயை உள்ளே இழுத்துத் தைத்துவிட்டதுபோல ஒரு துவர்ப்பு. குடித்தால் உடனே துப்பத் தோன்றும். முதல் முறையாக நான் செய்தது மருந்து மாதிரி இருந்தது.

பண்டாரம் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"முன்ன குடுத்தது நல்லா இருந்துச்சு."

"ஆமா சாமி. அதான் தப்பு."

மற்ற எட்டுப் பேருக்கும் கொடுத்தேன். யாரும் இன்னொரு கரண்டி கேட்கவில்லை. மூன்று மணிக்கு ஒரு தடவை அந்தக் கரைசல், நடுவில் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர். வாளிக்காரி தூக்கின தடவைகளை எண்ணிச் சொல்லுவாள், நான் எழுதிக்கொள்வேன். முதல் நாள் பண்டாரத்துக்கு ஒன்பது. மறுநாள் ஆறு. அதற்கு அடுத்த நாள் மூன்று. வில்வக்காய்தான் காப்பாற்றியது என்று எழுத எனக்கு ஆசைதான். கொதித்த தண்ணீராகவும் இருக்கலாம், கஞ்சியாகவும் இருக்கலாம், என் பாகு நின்றுபோனதாகவும் இருக்கலாம். ஒரு வைத்தியன் கொடுப்பதை நிறுத்தினதால் பிழைத்தவர்களை யாரும் எண்ணி வைப்பதில்லை.

ஐந்தாம் நாள் காலையில், நான் படியேறும்போதே அவள் வார்டு வாசலில் நின்றிருந்தாள், கையில் வாளியோடு.

"ஐயா, இங்க வாங்க. சாமியோடது."

போனேன். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். விவரிக்க மாட்டேன், முதலிலேயே எச்சரித்துவிட்டாலும் எதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. கெட்டியாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். ரத்தம் இல்லை. இரண்டு வளர்ந்த மனிதர்கள் காலை வெயிலில் ஒரு மலவாளியைச் சுற்றி நின்று, புதிதாகப் பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே பண்டாரம் கஞ்சி கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். குரலில் பழைய அதிகாரம் திரும்பியிருந்தது.

"பொழச்சுக்கிட்டாரு," என்றேன். "பாத்தியா, காய் வேலை செய்யுது."

"செய்யுதுங்க."

அவள் வாளியின் மேல் ஒரு கை சாம்பலைத் தூவினாள். ஈ எழும்பி மறுபடி உட்கார்ந்தது.

"ரெண்டாம் கட்டில் புள்ளைக்கு ஏங்க ஐயா பூக்கட்டிப் பாக்கல?"

கேட்ட குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தப் பெண்ணுக்காக நான் வாதாடவில்லை. பொய்ப் பொட்டலம் கட்டவில்லை. துறட்டி எடுக்கவில்லை. விழுந்து கிடந்ததைப் பொறுக்கி, வெல்லம் போட்டுக் கொடுத்தேன். அவள் நக்கிவிட்டு இன்னும் கேட்டாள். அவள் கோயிலுக்குப் பூசை செய்கிறவள் இல்லை, அவள் செத்தால் கேட்க ஆள் சயாமில் இருந்தான். இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன், சுட்ட காயைத் தின்றதுபோல வாய் ஒட்டிக்கொண்டது.

அவள் குழிப்பக்கம் திரும்பினாள். கனமான வாளி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். கூடப் பிடிக்கலாமா என்று நாலு எட்டு பின்னால் போனேன். தகர வாளிக்கு ஒரே கைப்பிடிதான். அது அவள் கையில் இருந்தது.